நாற்பது பெயர் எழுதிய நோட்டு: தவக்காலத்தில் ஒரு நல்ல பழக்கத்தைத் தொடங்கும் வழி

மதுரை அரசரடிப் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் என் கையால் டைப் ஆகிப் போகும்.

2019 மார்ச் 5, செவ்வாய்க்கிழமை. மறுநாள் திருநீற்றுப் புதன், ஈஸ்டருக்கு முன்னால் வரும் நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் நாள். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஒரு பையன் வந்து போனை நீட்டினான். "அண்ணே, அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி போடணும். நாளைக்குக் காலையில எடுக்கிறோம்." படத்தைப் பார்த்தேன். எனக்குப் பதினாறு வயதில் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கச் சொல்லிக் கொடுத்தவர். எழுத்தை அடுக்கும் ஸ்டிக்கை இடது கையில் எப்படிப் பிடிப்பது, எழுத்துகள் கிடக்கும் கேஸைப் பார்க்காமலே 'ற'கரம் எந்த அறையில் இருக்கிறது என்று விரலுக்கு எப்படிப் பழக்குவது என்று கூடவே நின்று கற்றுத் தந்தவர். அவர் வீடு செல்லூரில். ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். நம்பரும் என் போனில் இருந்தது. பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

தோற்றம், மறைவு என்று இரண்டு தேதியையும் நான்தான் அடித்தேன்.

மறுநாள் காலை ஞானஒளிவுபுரம் புனித வளனார் ஆலயத்தில் நெற்றியில் சாம்பல் பூசி, நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சாமியார் சொன்னபோது அந்தப் போஸ்டர்தான் கண்ணில் நின்றது. அன்று ராத்திரி கடை ஷட்டரை இறக்கிவிட்டு, வண்டியை எடுக்குமுன் ஒருவருக்குப் போன் செய்தேன். அந்தத் தவக்காலம் முழுக்கத் தினம் ஒருவர். அப்புறம் வந்த ஒவ்வொரு தவக்காலத்திலும் அப்படியே. நீங்களும் இந்த வருஷம் ஏதாவது ஒரு நல்ல பழக்கத்தைத் தொடங்க நினைத்தால், எனக்குக் கைகொடுத்த வழியைச் சொல்கிறேன். பழக்கம் போன் பண்ணுவதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வழி ஒன்றுதான்.

அதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கும் மேலாக நான் தவக்காலத்தில் டீயை விட்டுவிடுவேன். எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் ஒன்றை விடுவோம். கறி, சினிமா, இனிப்பு, சீரியல். ஈஸ்டர் அன்று காலை திருப்பலி முடிந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக டீக்கடை. திங்கட்கிழமை எல்லாம் பழைய கணக்குக்கு வந்துவிடும். விடுவது நல்லதுதான், நான் இன்னும் விடுகிறேன். ஆனால் விட்ட இடத்தில் ஒன்றை நடாமல் போனால் அந்த இடம் சும்மா கிடக்கும். மத்தேயு நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வாரே, பேய் வெளியேறிய வீடு கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக, ஆனால் காலியாக இருந்ததால், அது திரும்பி வந்து இன்னும் ஏழு பேய்களையும் கூட்டிக்கொண்டு குடியேறியது என்று. எனக்கு அந்தக் கதையில் குத்தும் சொல் 'காலி' என்பதுதான்.

சரி, எந்தப் பழக்கம் என்று எப்படி முடிவு செய்வது? பிடித்த காரியங்களைப் பட்டியல் போட்டு அதிலிருந்து எடுக்காதீர்கள். உங்களுக்கு உறுத்துகிற இடம் எது என்று பாருங்கள். ராத்திரி படுத்த பிறகு 'அதைச் செய்யவே இல்லையே' என்று எது நினைவுக்கு வருகிறதோ, அங்கிருந்து எடுங்கள். எனக்கு அது மனிதர்களை மறந்தது. திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமைத் திருப்பலியில் எசாயா 58-ஆம் அதிகாரம் வாசிப்பார்கள். கடவுள் விரும்பும் நோன்பு எது என்று சொல்லும் பகுதி. பசித்தவனுக்குச் சோறு, வீடில்லாதவனுக்கு இடம், உடையில்லாதவனுக்கு உடை என்று சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில், உன் சொந்த சனத்துக்கு உன்னை மறைத்துக்கொள்ளாமல் இருப்பது என்று முடியும். எத்தனையோ வருஷம் காதில் விழுந்த வரி. அந்த 2019-ல்தான் அது என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

எடுத்த பழக்கம் சின்னதா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வருஷத்திலேயே உங்களுக்கு மிக மோசமான நாள் எதுவோ, அன்றும் அதைச் செய்ய முடியுமா? 2019-ல் பெரிய வியாழன், அதாவது ஈஸ்டருக்கு முந்தின வியாழன், ஏப்ரல் 18. அன்றுதான் மதுரையில் சித்திரைத் தேர், அன்றுதான் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. மறுநாள் பெரிய வெள்ளி, அழகர் ஆற்றில் இறங்கும் நாள். அந்த வாரம் முழுக்க என் கடையில் அழகரை வரவேற்கும் பேனர் டிசைன்கள் மலை மாதிரி வந்து நின்றன. வியாழன் மாலை பாதம் கழுவும் சடங்குக்குக் கோயிலுக்குப் போய்விட்டு, மறுபடி கடைக்கு வந்து, ஷட்டர் இறக்கும்போது மணி பதினொன்றரை. அந்நேரத்துக்கு யாரைக் கூப்பிடுவது? லாரி ஓட்டும் என் மச்சானைக் கூப்பிட்டேன். அவர் சேலம் பக்கம் போய்க்கொண்டிருந்தார், கிளீனர்தான் போனை எடுத்தான். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு மூன்று நிமிஷம் பேசினார். தினமும் அரை மணி நேரம் என்று நான் வைத்திருந்தால் அன்றோடு போயிருக்கும். பத்து நிமிஷத்துக்குள் முடிகிற காரியமாகப் பாருங்கள். ஒன்றே ஒன்று போதும்.

என் மகள் முதல் தடவை மூன்றை எடுத்தாள். காலையில் செபமாலை, மாலையில் நடை, ராத்திரி போன் கிடையாது. ஐந்தாவது நாளே மூன்றும் போய்விட்டது. அடுத்த வருஷம் ஒன்றை மட்டும் எடுத்தாள். கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்த எங்கள் அம்மாவுக்கு, அவளுடைய அப்பத்தாவுக்கு, அன்றன்றைய நற்செய்தியைச் சத்தமாக வாசித்துக் காட்டுவது. அது நின்றது. அப்பத்தாவுக்குக் கண் தெளிந்த பிறகும் "நீ வாசிடி, எனக்குக் கேக்கத்தான் பிடிக்குது" என்று விடவில்லை.

அடுத்தது, பழக்கத்தை எதோடு கட்டுவது என்பது. 'தினமும் செய்வேன்' என்று மனதில் வைத்தால் நடக்காது. ஏற்கெனவே தவறாமல் நீங்கள் செய்யும் ஒரு வேலையின் வாலில் கட்டிவிடுங்கள். எனக்கு ஷட்டர். பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்ததும் அடுத்து கை போனுக்குப் போகும்.

என் மனைவிக்கு உலை. அவர் எடுத்தது பிடி அரிசி. நம் பாட்டிமார் செய்ததுதான். அரிசியை ஆழாக்கில் அளந்து பாத்திரத்தில் போட்டுவிட்டு, களையும் முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனித் தூக்குவாளியில் போடுவார். டின்னிலிருந்து கூடுதலாக ஒரு பிடி எடுப்பதில்லை, எங்களுக்கென்று அளந்ததிலிருந்தே எடுப்பது. அதைத்தான் அவர் கண்டிப்பாகச் சொல்வார். "நம்ம சோத்துல குறையணும், அப்பதான் அது நோன்பு." முதல் சில நாள் அரிசி வாளியின் அடியில் சளசளவென்று விழும் சத்தம் முன்னறை வரைக்கும் கேட்கும். மூன்றாவது வாரம் சத்தமே இருக்காது, அரிசி மேல் அரிசி விழும். ஒரு தடவை அவர் பிடியைப் பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம், 45 கிராம். தினம் ஒரு உலை என்றால் தவக்காலம் முடியும்போது இரண்டு கிலோ சேரும். அதோடு நாங்களாக ஒரு சிப்பம் வாங்கிச் சேர்த்துக் கொடுப்போம். உங்கள் பங்குக் கோயிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அவர்களிடம் கொடுக்கலாம், எந்த வீட்டில் உலை ஏறவில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

எதோடு கட்டுகிறோமோ அது போனால் பழக்கமும் போகும் என்பதை 2020-ல் கற்றேன். மார்ச் 25-லிருந்து ஊரடங்கு. கடை இல்லை, ஷட்டர் இல்லை. மூன்று நாள் யாருக்கும் நான் பேசவில்லை, பேசவில்லை என்பதே நான்காம் நாள்தான் தெரிந்தது. அத்தனை பேரும் வீட்டிலேயே சும்மா இருந்த காலம் அது. அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைப்பதோடு கட்டினேன். ஊருக்குப் போகிறீர்கள், வேலை மாறுகிறது, பிள்ளைக்குப் பரீட்சை வருகிறது என்றால் முன்கூட்டியே மாற்றுக் கட்டு ஒன்றை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக் குறித்துக்கொள்வோம். 2027-ல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின நாளான பாஸ்கா சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் நோன்புக் கணக்கில் சேராது. ஆறு ஞாயிறைக் கழித்தால் நாற்பது. என் நோட்டிலும் நாற்பது வரிதான். ஞாயிற்றுக்கிழமை போன் கிடையாது, காது கேட்காதவர்கள், போன் இல்லாதவர்கள் யாரையாவது நேரில் போய்ப் பார்ப்பேன்.

பெயர்களைத் திருநீற்றுப் புதனுக்கு முந்தின வாரமே எழுதி முடித்துவிட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வேன். ராத்திரி ஒன்பது மணிக்குக் களைத்து நிற்கும்போது 'யாரைக் கூப்பிடலாம்' என்று யோசிக்க உட்கார்ந்தால், தினம் பேசுகிறவரையே கூப்பிடுவீர்கள். பெயர் எங்கே கிடைக்கும்? வீட்டில் மொய் நோட்டு இருக்கும், எடுங்கள். எங்கள் கல்யாண மொய் நோட்டை நான் எடுத்தபோது முதல் நான்கு பக்கத்திலேயே இருபத்தாறு பெயர் கிடைத்தது. உசிலம்பட்டி, சோழவந்தான், திருமங்கலம், வாடிப்பட்டி என்று ஊரோடு எழுதியிருக்கும். ஐம்பத்தொரு ரூபாய் எழுதியவர்கள், குத்துவிளக்கு கொடுத்தவர்கள், ஒரு வாரம் பந்திக்கட்டில் நின்று வேலை செய்துவிட்டு மொய்யே எழுதாமல் போனவர்கள். எத்தனை பேருடைய நம்பர் என்னிடம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நம்பர் கேட்பதற்கே நான்கைந்து பேருக்குப் பேச வேண்டி வந்தது, அதுவும் நல்லதாகத்தான் போயிற்று.

நோட்டில் பெயருக்கு எதிரே ஒரு வரி மட்டும் எழுதுவேன். 'முழங்கால் வலி, ஏப்ரலில் ஆபரேஷன்.' 'மகன் கோயம்புத்தூரில், மில் வேலை.' அடுத்த வருஷம் கூப்பிடும்போது அந்த வரியைப் பார்த்துவிட்டு "முழங்கால் எப்படி இருக்கு பெரியம்மா?" என்று கேட்டால் அந்தக் குரலில் வரும் மாற்றத்தை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் என்ன பேசுவது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அங்கேதான் தடுமாறுவார்கள். ரொம்ப நாள் பேசாதவர் ராத்திரியில் கூப்பிட்டால் நம் சனம் பதறும். நான் கூப்பிட்ட முதல் ஐந்து பேரில் மூன்று பேர், "என்னப்பா, யாருக்கும் எதுவும் ஆயிருச்சா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவிரப் போன் போட்டதில்லை என்றால் வேறென்ன கேட்பார்கள்? அதனால் வாயைத் திறந்ததும் முதல் வாக்கியமே "ஒண்ணுமில்லக்கா, எல்லாரும் நல்லா இருக்கோம், உங்க ஞாபகம் வந்துச்சு, அதான் கூப்பிட்டேன்" என்று இருக்கட்டும். அப்புறம் அவர்கள் பேசுவார்கள், நீங்கள் கேட்டால் போதும். உதவி எதுவும் கேட்காதீர்கள். வியாபாரம் பேசாதீர்கள். 'தவக்காலத்துக்காகக் கூப்பிட்டேன்' என்றும் சொல்லாதீர்கள், ஒரு கடமைக்காகத் தன்னைக் கூப்பிட்டான் என்று யாருக்கும் தோன்றக்கூடாது. திருநீற்றுப் புதன் நற்செய்தியே அதுதானே. நோன்பிருக்கும்போது தலைக்கு எண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவிக்கொள், பிறருக்குத் தெரிய வேண்டாம் என்று.

எடுக்கவில்லை என்றால் அடுத்த பெயருக்குப் போங்கள். நீங்கள் உங்கள் வேலையைச் செய்தாயிற்று.

ஒருசந்தியையும் (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) சுத்தபோசனத்தையும் (கறி இல்லாத சாப்பாடு) இது தள்ளிவிடாது. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் 18 வயதிலிருந்து 59 வயது வரை உள்ளவர்களுக்கு ஒருசந்தி, 14 வயது ஆனவர்களுக்குத் தவக்கால வெள்ளிகளில் சுத்தபோசனம் என்பது திருச்சபை ஒழுங்கு. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலிய யேசு சபைக் குரு தத்துவ போதக சுவாமி, ராபர்ட் தெ நோபிலி, இந்த ஊரில் ஒரு வேளை மரக்கறிச் சோற்றோடு வருஷக்கணக்கில் வாழ்ந்தார். அவருடைய ஊரில் நாம் வருஷத்தில் இரண்டு நாள் வயிற்றைக் காயப்போடுவது பெரிதில்லை. சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்தாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாள் வரை சலிப்பு வரும். எனக்கு எல்லா வருஷமும் வருகிறது. மாசி முகூர்த்தம், கடையில் வேலை நெரியும் நேரம் வேறு. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு பேருக்குச் சேர்த்துப் பேசி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு அன்றைய பெயருக்குப் போங்கள். இதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவர் குழுவும் 96 பேரை வைத்து, ஒரு புதிய பழக்கம் தானாக நடக்க எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்று தெரிந்தது. பழக்கம் ஊன்ற ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கு வந்தது, எல்லாரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் விழும் கணக்கு 66 நாள்.

அந்த 66-ஐ நான் பிடித்துக்கொண்டேன். தவக்காலம் 46 நாள், மிச்சம் 20. ஈஸ்டருக்கு அப்புறம் பெந்தகோஸ்து வரை ஐம்பது நாள் பாஸ்கா காலம் இருக்கிறதே, அதில் இருபதை எடுத்துக்கொள்ளலாம். 2027-ல் 66-ஆம் நாள் ஏப்ரல் 16-ல் வரும், காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஈஸ்டர் அன்று காலை டீ குடியுங்கள், கறி எடுங்கள், நானும் எடுப்பேன். கூட்டிய பழக்கத்தை மட்டும் அன்றோடு நிறுத்தாதீர்கள். இப்போது நான் வாரம் மூன்று பேருக்கு என்று வருஷம் முழுக்கப் பேசுகிறேன், தவக்காலத்தில் மட்டும் தினம்.

ஒரு பெயர் மட்டும் கடினமாக இருக்கும். எழுதவே கை வராது. அதையும் எழுதுங்கள், ஆனால் முதல் வாரத்தில் வைக்காதீர்கள். பழகிய பிறகு, முப்பதுக்கு மேல் வையுங்கள். எனக்கு அது பெரியப்பா மகன். வாடிப்பட்டிப் பக்கம் பூர்வீக வீட்டுப் பொதுச்சுவர் விஷயத்தில் ஒன்பது வருஷம் பேச்சு இல்லை. 31-ஆவது வரியில் எழுதியிருந்தேன். அந்த நாள் வந்தது. கடை வாசலில் நின்று முழு ரிங் போகும்வரை காதில் வைத்திருந்தேன். எடுக்கவில்லை. மேலே சொன்ன விதியை மீறி, மறுநாள் அடுத்த பெயருக்குப் போகாமல் அதே நம்பரைக் கூப்பிட்டேன். எடுத்தார்.

"ம்."

"அண்ணே, நான்தான்."

"தெரியுது. சொல்லு."

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். "பாப்பா பத்தாவதுல்ல? பரீட்சை எப்படிண்ணே எழுதுறா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. ஃபேன் ஓடுவது கேட்டது. "கணக்குதான் பயப்படுறா" என்றார். அப்புறம், "மதினிக்குக் கூடக் கால் வீக்கம்" என்றார். "எந்தக் கால்?" என்று கேட்டேன். மொத்தமே இரண்டு நிமிஷம். "சரி, வை" என்று வைத்துவிட்டார். சுவர் இன்னும் அப்படியே இருக்கிறது. வீட்டுக்குப் போக வர இருக்கிறோம்.

கடைசியாக ஒரு வேலை. நாற்பதாவது வரியில் பெயர் எழுதாமல் விட்டுவிடுங்கள். அது பாஸ்கா சனி. அதற்குள் யாராவது ஒருவர் அவராகவே உங்களைக் கூப்பிட்டிருப்பார், அவர் பெயரை அங்கே எழுதிக்கொள்ளலாம். போன தவக்காலத்தில் என் நோட்டில் அந்த வரியில் இருப்பது செல்லூர் அக்கா, எனக்கு எழுத்துக் கோக்கக் கற்றுக் கொடுத்தவரின் மனைவி. ராத்திரி எட்டே முக்காலுக்குக் கூப்பிட்டு, "தம்பி, கடையடைச்சுட்டியா?" என்று கேட்டார். ஷட்டர் பாதியில் இருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து பேசினேன்.